பனி விழாத ஊரிலும் விறைக்கும் உடல்

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்த அதே நாட்களில், இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மாடுகளும் ஆடுகளும் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என மேய்ச்சல் தரைகளெங்கும் இதே காட்சி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் போயின. தொற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சத்தில், மாவட்டம் விட்டு மாவட்டம் இறைச்சி கொண்டுசெல்வது தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டது. பரிசோதனைகளுக்குப் பிறகு கால்நடை மருத்துவர்கள் சொன்ன காரணம் குளிர்.

அங்கே பனி பெய்யவில்லை. தண்ணீர் உறையும் நிலைக்கு வெகு மேலேதான் வெப்பநிலை இருந்தது. மழையில் ஊறிய உடல், இடைவிடாத காற்று, ஒதுங்கக் கூரையில்லாத வெட்டவெளி ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த மந்தைகளை வீழ்த்தின. மனித உடலுக்கும் இதே கணக்குதான். ஹைப்போதெர்மியா என்று மருத்துவர்கள் அழைக்கும் உடல் வெப்பத் தாழ்வை இமயமலைக்கும் ஐரோப்பாவுக்கும் உரிய ஆபத்தாக நினைத்து ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஊர் எவ்வளவு குளிர்கிறது என்பதைவிட, அந்த உடலால் சூட்டை உண்டாக்கவும் காத்துக்கொள்ளவும் முடிகிறதா என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. முடியாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நம் பிரசவ அறைகளிலும் அறுவை அரங்குகளிலும்கூட இருக்கிறார்கள்.

மனித உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. 35 முதல் 32 வரை லேசான நிலை, 32 முதல் 28 வரை நடுத்தர நிலை, 28க்குக் கீழே கடுமையான நிலை. இரண்டே டிகிரி குறைந்தாலே நோய்நிலை என்பதைக் கவனிக்க வேண்டும். குளிர் பட்டதும் உடல் முதலில் தோலுக்குச் செல்லும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சூடான ரத்தத்தை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மூளைக்கும் ஒதுக்கி வைக்கிறது. கையும் காலும் ஜில்லிடுவது அதனால்தான். அடுத்து நடுக்கம். பல்லைக் கிட்டவைக்கும் அந்த நடுக்கம் வீணான அசைவு அல்ல. தசைகளை உலுக்கி, ஓய்வு நிலையைப்போலச் சில மடங்கு வெப்பத்தை உண்டாக்கும் வேலை அது. அதற்கு எரிபொருள் வேண்டும். பட்டினி கிடப்பவரும், நாள் முழுக்க ஓடிக் களைத்தவரும், சர்க்கரை குறைந்தவரும் நெடுநேரம் நடுங்க முடியாது.

நடுக்கம் நிற்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வது மிகப் பெரிய ஆபத்து. வெப்பம் 32 டிகிரியை ஒட்டி இறங்கும்போது நடுக்கம் தளர்ந்து, பிறகு அடங்கிவிடும். அதற்கு முன்பே மூளை மந்தமாகியிருக்கும். பேச்சு குழறும், நடை தள்ளாடும், பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காது. தனக்கு ஏதோ ஆகிறது என்று உணர வேண்டிய அறிவே முதலில் மங்குகிறது. ஆகவே இந்த நிலையில் இருப்பவர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் கண்டுகொள்ள வேண்டும்.

உடல் வலிமை இதற்கு எவ்வளவு குறைந்த பாதுகாப்பு என்பதை 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டம் காட்டியது. பாய்யின் நகருக்கு அருகே, மஞ்சள் நதிக் கரையின் பாறைக்காட்டில் 172 பேர் ஓடத் தொடங்கினார்கள். மே மாதம் என்பதால் பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும்தான் அணிந்திருந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேற்சட்டை கட்டாயப் பொருளாக இல்லை. ஏற்றமான பகுதியில் அவர்கள் சென்றுகொண்டிருந்தபோது ஆலங்கட்டி மழையும் பலத்த காற்றும் அடித்தன. வண்டி போக வழியில்லாத இடம் அது. 21 பேர் இறந்தார்கள். சீனாவின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர் லியாங் ஜிங் அவர்களில் ஒருவர். அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தான் ஒதுங்கும் குகைக்குள் ஆறு பேரைக் கொண்டுவந்து, நெருப்பு மூட்டி, போர்வை கொடுத்துக் காப்பாற்றினார். பதக்கம் வென்ற கால்களால் செய்ய முடியாததை ஒரு கூரையும் காய்ந்த போர்வையும் செய்தன.

இதேபோன்ற துயரம் 2024 ஜூன் மாதம் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் மலைப்பாதையில் நடந்தது. கர்நாடகத்திலிருந்து சென்ற மலையேற்றக் குழு பனிப்புயலில் சிக்கி, 9 பேர் உயிரிழந்தார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் கோவையிலும் வார விடுமுறைக்கு இமயமலைப் பயணம் பதிவுசெய்யும் கூட்டம் ஆண்டுதோறும் பெருகுகிறது. ஜூன் மாதம் கோடைக்காலம் என்ற சமவெளிக் கணக்கு நான்காயிரம் மீட்டர் உயரத்தில் செல்லாது. ஈரமான பருத்தி உடுப்பு அங்கே உடலோடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். பையில் மாற்று உடுப்பும் கம்பளியும் மழைச்சட்டையும் இல்லாதவரை முகாமிலேயே நிறுத்திவைக்கும் வழிகாட்டியே நல்ல வழிகாட்டி.

தண்ணீரின் வேகம் காற்றைவிடக் கொடியது. நீர், காற்றைப்போல இருபத்தைந்து மடங்கு அளவுக்கு வெப்பத்தைக் கடத்தும். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் மூழ்கியபோது கடல்நீர் மைனஸ் 2 டிகிரியை ஒட்டி இருந்தது. ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் மிதவைச் சட்டை அணிந்து, தலை நீருக்கு மேலே இருக்க மிதந்தவர்கள். அவர்களைக் கொன்றது குளிர். கனடாவின் உடலியல் ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை ஒன்று, பத்து, ஒன்று என்று எளிதாக வகுத்தார். பனிநீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குக் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க ஏறக்குறைய பத்து நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். விழுந்த நொடியில் அனிச்சையாக வாய்திறந்து இழுக்கும் மூச்சில் தண்ணீர் போய்ச் சாகிறவர்களும் உண்டு.

நம் கடல் அப்படிப்பட்டதல்ல என்பது உண்மைதான். ஆனாலும் அசையாமல் நீருக்குள் இருக்கும் உடல் வெப்பம் இழக்காமலிருக்க அந்த நீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். வங்கக் கடலும் அரபிக் கடலும் மழைக்காலத்தில் அதைவிடக் குளிர்ந்தே இருக்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் சிக்கிய குமரி மாவட்ட மீனவர்களில் சிலர், கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் மிதந்தார்கள். உணவில்லை, குடிநீரில்லை, உறக்கமில்லை. இந்த நிலையில் இளஞ்சூடான கடலும் உடலிலிருந்து மெல்ல மெல்லச் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கும். புயலில் மீட்புக்கலம் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது மலையேறிகளை அல்ல, பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தையை. பத்து மாதம் 37 டிகிரி வெதுவெதுப்பில் இருந்த உடல், நனைந்தபடியே திடீரென்று வெளிக்காற்றுக்கு வருகிறது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு மிகப் பெரிது. தோல் மெல்லியது, தோலடிக் கொழுப்பு குறைவு. பெரியவர்களைப்போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. கழுத்தையும் முதுகையும் ஒட்டியுள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது வெப்பம் உண்டாக்குகிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்தச் சேமிப்பும் போதாது. 23 டிகிரி அறையில் துணியில்லாமல் கிடக்கும் சிசு இழக்கும் வெப்பம், சுழியம் டிகிரியில் துணியின்றி நிற்கும் பெரியவர் இழப்பதற்குச் சமம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 23 டிகிரி என்பது நம் மருத்துவமனைகளில் ஏசிக்கு வைக்கும் சாதாரண அளவு. பெரியவர்களுக்கு இதமான அறை, பச்சிளங்குழந்தைக்கு உறைபனி வெளி.

அதனால்தான் சிசுக்களுக்கு எல்லைக்கோடு வேறு. 36.5 டிகிரிக்குக் கீழே போனாலே வெப்பத் தாழ்வு என்று கொள்கிறார்கள். 2013ல் வெளியான ஒரு மதிப்பாய்வு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளில் 32 முதல் 85 விழுக்காடு வரை இந்த நிலை காணப்பட்டது. வெப்பமண்டல நாடுகளும் இதற்கு விலக்கல்ல. நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் இருபதாயிரத்துக்கும் அதிகமான சிசுக்களைப் பின்தொடர்ந்து 2010ல் வெளியான ஆய்வு, உடல் வெப்பம் ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் இறப்பு ஆபத்து ஏறக்குறைய 80 விழுக்காடு கூடுவதைக் கண்டது. குளிர்ந்த குழந்தை பால் குடிக்கச் சோம்பும். பால் இல்லாமல் சர்க்கரை குறையும். சர்க்கரை குறைந்தால் வெப்பம் உண்டாக்க முடியாது. தொற்றும் மூச்சுத் திணறலும் இந்தச் சுழலுக்குள் எளிதில் நுழைந்துவிடும். இறப்புச் சான்றிதழில் கடைசியாக வந்த நோயின் பெயர்தான் இருக்கும். குளிரின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

இதற்கான மருந்து விலை உயர்ந்த இயந்திரமாக இருக்க வேண்டியதில்லை. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒரு தொட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்த வேண்டியிருந்த மருத்துவமனையில், எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற மருத்துவர்கள் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று நெஞ்சில் நிமிர்த்திக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார்கள். கங்காரு பராமரிப்பு என்று இன்று அறியப்படுவது அதுதான். நெடுங்காலம், குழந்தை தேறி நிலைகொண்ட பிறகே இதைத் தொடங்க வேண்டும் என்று கருதப்பட்டது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும், கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்தி 2021ல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. 1.8 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சோடு சேர்த்தபோது 28 நாட்களுக்குள் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. நான்கில் ஒரு இறப்பு தவிர்க்கப்பட்டது என்பது இதன் பொருள். 2022ல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையைத் திருத்தி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை கங்காரு பராமரிப்பைப் பிறந்ததிலிருந்தே தரச் சொன்னது. இந்தக் கட்டுரையில் வேறெது மறந்தாலும் நான்கில் ஒன்று என்ற அந்த எண்ணை மறக்க வேண்டாம். ஒரு தாயின் நெஞ்சுச் சூட்டுக்கு இவ்வளவு வலுவான சான்று கிடைத்த பிறகும், தாயை ஒரு வார்டிலும் குழந்தையை இன்னொரு வார்டிலும் வைக்கும் மருத்துவமனை தன் கட்டட அமைப்பை மாற்றியாக வேண்டும்.

வீட்டுப் பழக்கங்களிலும் திருத்த வேண்டியது உண்டு. பிறந்தவுடன் குழந்தையைக் குளிப்பாட்டிச் சுத்தம் செய்வது அன்பினால் செய்வதுதான். ஆனால் முதல் 24 மணி நேரம் குளியல் வேண்டாம். காய்ந்த துணியால் துடைத்து, ஈரத்துணியை மாற்றி, தலைக்குக் குல்லா போட்டு, தாயோடு சேர்த்துப் போர்த்தினால் போதும். மேலே மின்விசிறி சுழல வேண்டாம். இதை மாமியாரிடமும் பாட்டியிடமும் பக்குவமாகச் சொல்லக்கூடியவர் கிராம சுகாதார செவிலியர்தான்.

வாழ்க்கையின் மறுமுனையில் முதியவர்கள். வயதாக ஆகத் தசை குறைகிறது, நடுக்கம் வலுவிழக்கிறது, ரத்தக்குழாய் சுருங்கும் வேகம் தளர்கிறது. குளிர்கிறது என்ற உணர்வே மங்குகிறது என்பதுதான் அதிகக் கவலை தருவது. பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 1966ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், குளிர்காலத்தில் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளில் 0.68 விழுக்காட்டினருக்கு உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இருந்தது. அவர்களில் பலர் வீட்டுக்குள்ளேயே குளிர்ந்துபோனவர்கள். தைராய்டு குறைபாடு, நீரிழிவு, பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் இருப்பவர்களுக்கும், தூக்க மாத்திரை, மனநோய்க்கான சில மருந்துகள் உட்கொள்பவர்களுக்கும் ஆபத்து கூடும். இரவில் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஈரத் தரையில் விடியும்வரை கிடக்கும் பாட்டி விறைத்துப்போக, ஊர் ஊட்டியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கடுமையான தொற்று வந்தால் முதியவருக்குக் காய்ச்சல் அடிக்காமல் உடல் குளிர்ந்துபோவதும் உண்டு. காய்ச்சல் இல்லையே என்று வீட்டார் நிம்மதியடையும் நேரத்தில் நிலைமை முற்றிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு சிறு கருவி பெரிய தவறுக்கு இடமளிக்கிறது. பழைய கண்ணாடி வெப்பமானியின் கோடுகள் 94 அல்லது 95 ஃபாரன்ஹீட்டில்தான் தொடங்கும். காய்ச்சலை அளக்கச் செய்த கருவி அது. உடல் 90க்கு இறங்கியிருந்தாலும் அது சொல்லாது. குறைந்த வெப்பத்தையும் காட்டும் வெப்பமானி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 ஆம்புலன்ஸிலும் இருப்பது அவசியம்.

வீடற்றவர்களின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. வட இந்தியக் குளிரில் நடைபாதையில் இறப்பவர்களைப் பற்றிய செய்தி ஒவ்வொரு ஜனவரியிலும் வருகிறது. 2009 டிசம்பரில் டெல்லியில் ஒரு தற்காலிக இரவுத் தங்குமிடம் இடிக்கப்பட்ட பிறகு விவகாரம் நீதிமன்றங்களுக்குப் போனது. 2010ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் என்ற அளவுகோல் அந்த வழியில்தான் வந்தது. குளிர் இறப்பைத் தடுக்கும் கருவிகளில் கதவு உள்ள ஒரு கூடத்துக்கு ஈடானது எதுவும் இல்லை. சாராயம் குளிருக்கு இதம் என்ற நம்பிக்கை இந்த மக்களிடையே பல உயிர்களை வாங்கியிருக்கிறது. மது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது, அதனால் சூடு ஏறுவதுபோலத் தோன்றும். உள்ளே இருந்த வெப்பம் வெளியேறிக்கொண்டிருப்பதன் உணர்வு அது. நடுக்கமும் குறையும், சர்க்கரையும் இறங்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தவர்களின் செய்திகளும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை.

தமிழ் வீடுகளுக்குக் குளிர் மரணம் எவ்வளவு அருகில் வந்தது என்பதற்கு சியாச்சின் ஒரு சாட்சி. 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் முகாமின்மேல் பனிச்சரிவு விழுந்து, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் மீட்கப்பட்டபோது நாடே வியந்தது. கூடாரத்துக்குள் சிக்கிய காற்றும், காற்றடிக்காத இடமும் அவரைக் காத்திருந்தன. ஆனால் குளிர், நீரிழப்பு, ஆக்சிஜன் குறைவு எல்லாம் சேர்ந்து உள்ளுறுப்புகளைச் செயலிழக்கச் செய்திருந்தன. பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவர் இறந்தார்.

குளிரால் சாகும் தறுவாயில் சிலர் உடுப்பைக் களைந்துவிடுவார்கள். சுருங்கியிருந்த தோல் ரத்தக்குழாய்கள் கடைசியில் தளர, உடல் எரிவதுபோன்ற உணர்வு ஏற்படுவதே காரணம் என்று கருதப்படுகிறது. கட்டிலுக்கடியிலோ புதரிலோ ஊர்ந்து ஒளிந்துகொள்பவர்களும் உண்டு. இப்படிக் கிடக்கும் ஒரு பெண்ணின் உடலைப் பார்ப்பவர் வன்கொடுமை என்று முடிவுகட்டலாம். மாறாக, உண்மையான குற்றம் குளிர் என்று தள்ளப்படவும் கூடும். எனவே காவல்துறையினரும் தடயவியல் மருத்துவர்களும் இரண்டு வாய்ப்பையும் மனதில் வைத்தே விசாரிக்க வேண்டும்.

விறைத்துக் கிடப்பவரைக் கண்டால் செய்ய வேண்டியவை எளியவை. காற்றிலிருந்து மறைக்க வேண்டும். ஈர உடுப்பைக் கழற்றி, தரைக்கும் உடலுக்கும் நடுவே பாயோ கம்பளியோ விரித்து, தலை உட்படப் போர்த்த வேண்டும். நெஞ்சுக்கும் அக்குளுக்கும் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி வைக்கலாம். விழிப்போடு விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் தரலாம். கை கால்களைத் தேய்க்கவோ, எழுப்பி நடக்கவிடவோ கூடாது. குளிர்ந்த இதயம் சிறு உலுக்கலிலும் தாளம் தப்பிவிடும். நெருப்பருகே கொண்டுபோய்ப் போடுவதும் ஆபத்தானது. 1812ல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியன் படையின் தலைமை அறுவை மருத்துவர் லாரே, விறைத்த வீரர்களில் தீக்கு மிக அருகே கிடத்தப்பட்டவர்கள் இறந்ததைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார்.

நாடித்துடிப்பு இல்லை என்று அவசரப்பட்டுக் கைவிடவும் கூடாது. 1999 மே மாதம் நார்வேயின் நார்விக் அருகே பனிச்சறுக்கின்போது ஓடைப் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடங்கள் சிக்கிய 29 வயது பெண் மருத்துவரின் உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியிருந்தது. இதயம் நின்றிருந்தது. ட்ரோம்ஸோ மருத்துவமனையில் ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சூடேற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். அவர் பிழைத்தார், மீண்டும் மருத்துவப் பணிக்கே திரும்பினார். இதயம் நிற்பதற்கு முன்பே மூளை குளிர்ந்து, அதன் ஆக்சிஜன் தேவை மிகவும் குறைந்துவிட்டதே அதற்குக் காரணம். சூடேற்றிப் பார்க்கும் முன் இறந்ததாக அறிவிக்காதே என்ற மருத்துவ விதி இத்தகைய நிகழ்வுகளால் வலுப்பெற்றது.

கடைசியாக, எவரும் எதிர்பாராத ஓர் இடம் அறுவை அரங்கு. மயக்க மருந்து கொடுத்ததும் நடுக்கம் நிற்கிறது, ரத்தக்குழாய்கள் விரிகின்றன. முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை இறங்கிவிடும். 1996ல் ஆந்த்ரியா குர்ஸ், டேனியல் செஸ்லர் குழுவினர் பெருங்குடல் அறுவை நோயாளிகள் 200 பேரிடம் நடத்திய ஆய்வில், குளிர விடப்பட்டவர்களில் 19 விழுக்காட்டினருக்குக் காயத்தில் தொற்று வந்தது. சூடாக வைக்கப்பட்டவர்களில் 6 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. விபத்தில் ரத்தம் இழந்தவருக்கு இன்னும் மோசம், ஏனெனில் குளிர்ந்த ரத்தம் எளிதில் உறையாது. பிரிட்டனில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2008ல் தந்த நெறிமுறைப்படி, அவசரமில்லாத அறுவைக்கு நோயாளியின் வெப்பம் 36 டிகிரியாவது இருந்தால்தான் மயக்க மருந்து தொடங்க வேண்டும், அரை லிட்டர் அல்லது அதற்கு மேல் ஏற்றும் திரவமும் ரத்தமும் 37 டிகிரிக்குச் சூடாக்கப்பட வேண்டும். மெல்லிய பச்சை அங்கியோடு ஏசி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கும் நோயாளிக்குக் குளிர்கிறதா என்று உறவினர் கேட்கலாம். குளிர்கிறது என்றால் செவிலியரிடம் சொல்லிக் கம்பளி வாங்கிப் போர்த்தலாம், வெப்பம் அளந்தார்களா என்றும் விசாரிக்கலாம்.